கத்திரி வெயிலில் ஒரு காய்கறி டார்ட்

வெண்ணெய் ஏறக்குறைய 32 டிகிரியில் உருக ஆரம்பித்துவிடும். மே மாதத்தில் வேடந்தாங்கலில் விடியற்காலையிலேயே 28 டிகிரி இருக்கும். உச்சிப் பொழுதில் நாற்பதைத் தொடும். இந்த வெயிலில் வெண்ணெயை உள்ளே வைத்து மாவை அடுக்கடுக்காக மடித்து, மேலே கோடைக் காய்களைப் பரப்பி டார்ட் சுடலாம் என்று சொன்னால் பலரும் நம்ப மாட்டார்கள். தாராளமாகச் சுடலாம். நம் பக்கத்துக் கோடைக் காய்களுக்கு இதைவிடப் பொருத்தமான பலகாரம் எனக்குத் தெரியாது. எப்படி என்று இன்று சாவகாசமாக எழுதுகிறேன்.

பப்ஸ் தெரியாதவர்கள் இருக்க முடியாது. அதே மாவுதான் இதற்கும். பப்ஸில் மசாலாவை உள்ளே வைத்து மடித்து மூடிவிடுவோம். டார்ட் திறந்தே இருக்கும்: அடியில் ஒரு மாவுத் தகடு, அதன்மேல் வதக்கிய வெங்காயம், அதன்மேல் காய்கள். மூடி இல்லாததால் காய் நேரடியாகச் சூட்டை வாங்கி ஓரம் கருகி, இனிப்பேறி வரும். மசாலாவுக்குப் பின்னால் காய் ஒளிந்துகொள்ள இதில் இடமில்லை. அதனால்தான் நல்ல காய் கிடைக்கும் ஊரில் இதைச் செய்ய வேண்டும் என்கிறேன்.

கோடையில் எங்கள் ஊர்

வேடந்தாங்கல் என்றதும் எல்லோருக்கும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான ஊர்தான் நினைவுக்கு வரும். நீர்க்கடம்பு மரங்கள் தண்ணீருக்குள் நிற்கும். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், வக்கா என்று கிளை கொள்ளாமல் பறவைகள். ஏரி மொத்தமே 30 ஹெக்டேர்தான். இந்தப் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று ஊர்க்காரர்கள் 1798-ல் அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் உரிமைச் சீட்டே வாங்கியிருக்கிறார்கள். 1936-ல் இது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் பக்கத்து கரிக்கிலியோடு சேர்ந்து ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பிடித்தது.

இதைச் சமையல் பதிவில் எழுதக் காரணம் உண்டு. ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்ததில் சோற்றுக் கணக்கும் இருந்தது. பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலந்து வயலுக்குப் பாய்ந்தால் அதுவே உரம். அந்தத் தண்ணீரில் விளைந்ததைத்தான் தலைமுறை தலைமுறையாக இந்த ஊர் சாப்பிட்டு வந்திருக்கிறது.

கோடையில் ஏரி வற்றத் தொடங்கும். பறவைகளில் பெரும்பாலானவை போய்விடும். அவற்றைப் பார்க்க வருகிறவர்களும் நின்றுவிடுவார்கள். ஆனால் ஏரி ஊறவிட்ட தண்ணீர் சுற்றுக் கிணறுகளில் இருக்கும். அந்தக் கிணற்றுப் பாசனத்தில்தான் கத்தரி, வெண்டை, பீர்க்கன், கொத்தவரை, மிளகாய் எல்லாம் காய்க்கும். படாளம் கூட்டுரோட்டுக்குப் போனால் ஜி.எஸ்.டி. சாலையோரம் நுங்கு, வெள்ளரிப் பிஞ்சு, தர்ப்பூசணிக் குவியல். கோடையில் இங்கே எதுவும் இல்லை என்று நினைக்கிறவர்களுக்காகவே இந்தப் பதிவு.

பப்ஸ் மாவு நம் ஊருக்கு அந்நியமில்லை

செங்கல்பட்டு, மதுராந்தகம் பேருந்து நிலையங்களைச் சுற்றியுள்ள எந்த பேக்கரியிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் பல்பு வெளிச்சத்தில் வெஜ் பப்ஸும் முட்டை பப்ஸும் அடுக்கியிருக்கும். மாவையும் வெண்ணெயையும் மடித்து அடுக்கும் முறை 17-ம் நூற்றாண்டு பிரெஞ்சு சமையல் நூல்களிலேயே இருக்கிறது. நம் பக்கத்துக்கு பேக்கரித் தொழில் வந்து சேர்ந்ததில் கேரளத்துக்காரர்களின் பங்கு பெரிது. 1880-ல் தலசேரியில் மாம்பள்ளி பாப்பு பேக்கரி தொடங்கியதிலிருந்து அங்கே வேர்விட்ட தொழில் அது. இன்றைக்கும் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் பல பேக்கரிகளை நடத்துகிறவர்கள் மலையாளிகள்தான். விலை குறைவாக, பசி அடங்குகிற மாதிரி, டீயோடு நின்றபடியே சாப்பிடுகிற பண்டமாக பப்ஸை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தவர்கள் இந்த பேக்கரிக்காரர்கள். அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

பேக்கரிகளில் பெரும்பாலும் வெண்ணெய் போடுவதில்லை. இதற்கென்றே தயாரித்த மார்ஜரின் போடுவார்கள். அது 40 டிகிரியிலும் கெட்டியாக நிற்கும். ஓவன் பக்கத்திலேயே வைத்து மாவைத் தேய்க்கலாம். ஆனால் நம் உடம்புச் சூடே 37 டிகிரிதான். அந்தக் கொழுப்பு வாயில் முழுசாக உருகாது, மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வெண்ணெய் அப்படியல்ல, நாக்கில் பட்டதும் கரைந்துவிடும். வீட்டில் செய்யும்போது வெண்ணெய்தான் போட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது அதனால்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு பேக்கரி மாஸ்டரிடம் கேட்டேன்.

“மாஸ்டர், கோடையில பப்ஸ் மாவை எத்தனை மணிக்கு இழுப்பீங்க?”

“ராத்திரி ரெண்டு, ரெண்டரைக்கே ஆரம்பிச்சிடுவோம்மா. வெயில் வந்துட்டா மாவு கையில ஒட்டிக்கும், இழுக்க வராது. விடியறதுக்குள்ள மாவு வேலைய முடிச்சிடணும். பகல்ல சுடற வேலை மட்டும்தான்.”

அவர் சொன்னதுதான் கோடையில் பப்ஸ் மாவு செய்வதன் முழு சூத்திரம். வெயில் நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. மாவு வேலையை விடியலுக்கு வையுங்கள். காயை உச்சி வெயிலிடம் ஒப்படையுங்கள். அடுப்பைச் சாயங்காலம் மூட்டுங்கள். வெண்ணெய்க்குப் பகையாக இருக்கும் வெயிலே காய்க்கு உதவிக்கு வரும்.

விடியலில் மாவு

இரண்டு டார்ட்டுக்கு வேண்டியவை: மைதா 250 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, உருக்கிய வெண்ணெய் 25 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, ஐஸ் தண்ணீர் 120 முதல் 130 மில்லி, மடிப்பதற்குக் குளிர்ந்த வெண்ணெய் 200 கிராம்.

வெண்ணெய் உப்பில்லாததாக இருக்கட்டும். ஆவின் சமையல் வெண்ணெய் போதும். வீட்டில் கடைந்த வெண்ணெய் இதற்கு ஒத்துவராது. கடையில் விற்கிற வெண்ணெயில் ஈரம் 16 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது என்று விதி இருக்கிறது. கடைந்தெடுத்த வெண்ணெயில் மோர்த் தண்ணீர் அதைவிடக் கூடுதலாகத் தங்கியிருக்கும். மாவு இழுக்கும்போது கசிந்து அடுக்கைக் கிழித்துவிடும். அதை நெய்க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல்நாள் இரவே மைதா, உப்பு, எலுமிச்சைச் சாறு, உருக்கிய வெண்ணெய், ஐஸ் தண்ணீர் சேர்த்துப் பிசையுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசைய வேண்டாம், திரண்டு வந்தால் போதும். மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்த வெண்ணெயை இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்து, கட்டையால் தட்டி, ஒரு சாண் சதுரமாக்கி அதையும் உள்ளே வைத்துவிடுங்கள்.

காலை ஐந்து மணிக்கு வேலை தொடங்கலாம். சமையல் மேடை கிரானைட்டாக இருந்தால் அதன்மேல் ஐஸ்கட்டி போட்ட தட்டைக் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள். கல் குளிர்ந்துவிடும். ஈரத்தைத் துடைத்துவிட்டு மாவை வெண்ணெயைப்போல் இரண்டு மடங்கு பெரிதாகத் தேய்த்து, நடுவில் வெண்ணெயை வைத்து, நாலு பக்கமும் மூடுங்கள். நீளமாகத் தேய்த்து, கடிதம் மடிப்பதுபோல மூன்றாக மடியுங்கள். கால் வட்டம் திருப்பி மறுபடி தேய்த்து மடியுங்கள். இரண்டு மடிப்பு முடிந்ததும் அரை மணி ஃபிரிட்ஜ். இப்படி மொத்தம் ஆறு மடிப்பு. மூன்றை ஆறு முறை பெருக்கினால் 729. அத்தனை வெண்ணெய் அடுக்கு உள்ளே உருவாகியிருக்கும்.

இந்த அடுக்குகள் எப்படி எழும்புகின்றன என்று தெரிந்துகொண்டால் எதை ஏன் செய்கிறோம் என்பது புரியும். சூடான ஓவனுக்குள் மாவிலும் வெண்ணெயிலும் இருக்கும் தண்ணீர் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு விரியும். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே கொழுப்பு இருப்பதால் ஆவி வெளியேற வழியில்லாமல் மேல் அடுக்கைத் தூக்குகிறது. அதற்குள் மாவு வெந்து அப்படியே இறுகிவிடுகிறது. ஈஸ்டும் சோடா உப்பும் இல்லாமல் வெறும் ஆவியே இந்த வேலையைச் செய்கிறது. மடிக்கும்போதே வெண்ணெய் உருகினால் மைதா அதைக் குடித்துவிடும். அடுக்கே இருக்காது, சுட்டால் கனத்த பிஸ்கட்டாக வரும். கையில் வெண்ணெய் பிசுபிசுத்தால் அந்த நொடியே நிறுத்தி உள்ளே வைத்துவிடுங்கள். கோடையில் பொறுமைதான் பாதி வேலை.

இவ்வளவு நேரம் இல்லை என்கிறவர்கள் சென்னையில் பெரிய கடைகளில் உறைநிலையில் விற்கும் பப்ஸ் ஷீட்டை வாங்கலாம். ஐஸ் பையில் சுற்றி எடுத்து வாருங்கள். பழக்கமான பேக்கரி இருந்தால் முதல்நாளே சொல்லி வைத்துச் சுடாத ஷீட் கேட்டும் வாங்கலாம்.

உச்சி வெயிலில் காய்

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். கோடைக் காய்கள் பெரும்பாலும் தண்ணீர். கத்தரியில் ஏறக்குறைய 92 சதவிகிதம், தக்காளியில் 94, பீர்க்கங்காயில் 95. இதை அப்படியே மாவின்மேல் பரப்பிச் சுட்டால் காய் விடுகிற தண்ணீரில் அடிமாவு வேகாமல் களியாகிவிடும். ஐரோப்பாவில் கோடை டார்ட்டுக்குப் போடும் சுக்கினியும் இதே அளவு நீர்க்காய்தான். அங்கே உப்புத் தூவி வடியவிட்டு, துணியில் ஒற்றி எடுப்பார்கள்.

நமக்கு அதைவிட நல்ல வழி பரம்பரையாகவே தெரியும். சித்திரை, வைகாசியில் மொட்டை மாடியில் என்ன நடக்கிறது? கத்தரி வற்றல், கொத்தவரை வற்றல், மோர் மிளகாய், வடாம். வெயில் கொளுத்தும் மாதத்தில் காயிலிருந்து தண்ணீரை எடுப்பதில் நம் வீட்டுப் பெண்களுக்கு இணையான ஆட்கள் கிடையாது. வற்றலுக்குப் பல நாள் காய வேண்டும். டார்ட்டுக்கு இரண்டு மணி நேர வெயில் போதும். காய் சுண்டி வாட வேண்டும், காய்ந்துவிடக்கூடாது.

ஒரு டார்ட்டுக்கு: கத்தரிக்காய் 200 கிராம், நாட்டுத் தக்காளி 200 கிராம், வெண்டைக்காய் 100 கிராம், சின்ன வெங்காயம் 250 கிராம், பூண்டு ஐந்து பல், பனீர் 100 கிராம், வடிகட்டிய கெட்டித் தயிர் மூன்று மேசைக்கரண்டி, பொட்டுக்கடலை இரண்டு மேசைக்கரண்டி, மிளகு, கறிவேப்பிலை, நல்லெண்ணெய்.

கத்தரிக்காயை அரை சென்டிமீட்டர் வில்லைகளாக நறுக்கி, உப்பும் மஞ்சளும் தடவி இருபது நிமிடம் வைத்துப் பிழியாமல் ஒற்றி எடுங்கள். தக்காளியைக் குறுக்கே வெட்டி விதையையும் சாற்றையும் வழித்தெடுங்கள். அது இரவு ரசத்துக்கு ஆகும். வெண்டைக்காயைக் கழுவி, துடைத்து, நீளவாக்கில் இரண்டாகக் கீறுங்கள். எல்லாவற்றையும் முறத்திலோ பெரிய தட்டிலோ பரப்பி, பழைய மல்வேட்டியால் மூடி, பதினோரு மணிக்கு மாடியில் வையுங்கள். ஒரு மணிக்கு எடுக்கும்போது கத்தரி ஓரம் சுருண்டிருக்கும், தக்காளியின் தோல் தளர்ந்திருக்கும், வெண்டையின் கொழகொழப்பு அடங்கியிருக்கும். காய் சுருங்கினாலும் ருசி சுருங்குவதில்லை. தண்ணீர் போன இடத்தில் இனிப்பும் புளிப்பும் கூடிவிடும்.

மாமல்லபுரம், கோவளம், கல்பாக்கம் பக்கம் இருக்கிறவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். கடற்காற்றில் ஈரம் அதிகம், காய் மெதுவாகத்தான் வாடும்.

அதன்பின் தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டுக் கத்தரியையும் வெண்டையையும் இரண்டு பக்கமும் வாட்டுங்கள். ஓவனில் இருக்கும் இருபது நிமிடத்தில் கத்தரி முழுசாக வேகாது, அதனால் இந்த வேலையைத் தவிர்க்க வேண்டாம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் மெல்லியதாக நறுக்கி, சிறு தீயில் அரை மணி நேரம் வதக்குங்கள். பழுப்பேறி, குழைந்து, வாணலியில் ஈரமே தெரியாத பதம் வர வேண்டும். மிளகும் கறிவேப்பிலையும் கடைசியில். கரம் மசாலா, மல்லித்தூள் எதுவும் வேண்டாம். பனீரை உதிர்த்துத் தயிரோடு உப்புச் சேர்த்துப் பிசைந்து தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் அடுப்பு

ஓ.டி.ஜி.யில் மேல், கீழ் இரண்டு கம்பியையும் போட்டு 200 டிகிரியில் இருபது நிமிடம் சூடேற்றுங்கள். கோடைச் சாயங்காலங்களில் கிராமத்தில் வோல்டேஜ் இறங்கும். சூடேற அரை மணிகூட ஆகலாம். உள்ளே வைக்கிற சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்வது நல்லது. சூடு குறைந்த ஓவனில் வெண்ணெய் உருகி ஓடிய பிறகுதான் ஆவி எழும்பும், அடுக்கு எழும்பாது.

காலையிலிருந்து ஃபிரிட்ஜில் இருக்கும் மாவில் பாதியை எடுத்து 30-க்கு 20 சென்டிமீட்டர் அளவில், நாலு மில்லிமீட்டர் கனத்தில் தேயுங்கள். ஓரத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உள்ளே தள்ளிக் கத்தியால் லேசாக ஒரு சட்டம் கீறுங்கள். அடிவரை வெட்ட வேண்டாம். சட்டத்துக்கு உள்ளே முட்கரண்டியால் நெடுகக் குத்துங்கள். குத்திய இடத்தில் ஆவி வெளியேறிவிடும், குத்தாத ஓரம் மட்டும் சுவராக எழும்பும். ஓரத்தின் மேல்பக்கம் பால் தடவுங்கள். முட்டை சாப்பிடுகிறவர்கள் மஞ்சள் கரு தடவலாம். பக்கவாட்டில் வழியக்கூடாது, வழிந்தால் அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும்.

வெறும் மாவை மட்டும் பதினைந்து நிமிடம் சுடுங்கள். வெளியே எடுத்து, நடுப்பகுதி உப்பியிருந்தால் கரண்டியால் அமுக்குங்கள். இப்போது பொட்டுக்கடலையைப் பொடித்து ஒரு பூச்சாகத் தூவுங்கள். வெளிநாட்டில் ரொட்டித்தூள் போடும் இடம் இது. மிச்ச ஈரத்தைப் பொட்டுக்கடலை குடித்துக்கொள்ளும். வறுத்த வாசனையும் சேரும். அதன்மேல் வெங்காயம், அதன்மேல் பனீர், கடைசியில் கத்தரியும் தக்காளியும் வெண்டையும். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் ஒரே வரிசையாக அடுக்குங்கள். நல்லெண்ணெயைக் கறிவேப்பிலையால் தொட்டுத் தெளித்து, மறுபடி இருபது நிமிடம் உள்ளே வையுங்கள்.

மேல்பக்கத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு மூலையைக் கத்தியால் தூக்கிப் பாருங்கள். அடிப்பக்கம் முறுகல் தோசையின் நிறத்துக்கு வந்திருந்தால் வெந்துவிட்டது. வெளிறியிருந்தால் கீழ்க் கம்பியை மட்டும் போட்டு இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள். எடுத்ததும் தட்டில் வைக்க வேண்டாம், கம்பித் தாங்கியில் வையுங்கள். தட்டில் வைத்தால் அடியில் வேர்த்து, இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த மொறுமொறுப்பு போய்விடும். பத்து நிமிடம் ஆறவிட்டு ரம்பக் கத்தியால் நறுக்குங்கள். வெள்ளரிப் பிஞ்சுத் தயிர்ப் பச்சடியும் நீர்மோரும் தொட்டுக்கொள்ளவும் குடிக்கவும் போதும். சுட்ட இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுவது உத்தமம். மிஞ்சினால் மறுநாள் ஓவனில் எட்டு நிமிடம் சூடு பண்ணலாம். மைக்ரோவேவில் வைத்தால் நமுத்துவிடும்.

ஒரு மாதம் போனால் காயை மாற்றுங்கள். பீர்க்கங்காய் நிறைய வரும்போது அதையே தனியாக, பச்சைமிளகாயோடு போடலாம்; அதற்குத்தான் மாடி வெயில் அதிகம் தேவை. முருங்கைக்கீரையும் பூண்டும் மட்டும் போட்ட டார்ட்டுக்கு வெயிலே வேண்டாம், வாணலியிலேயே ஈரம் வற்றிவிடும். கொத்தவரையைப் போடுவதாக இருந்தால் முதலில் வேகவைத்து வடித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஆலிவ் எண்ணெயும் சுக்கினியும் தேடிச் சென்னை வரை போக வேண்டியதில்லை. கத்தரி இந்த நாட்டுப் பயிர். தக்காளி வெளியிலிருந்து வந்தாலும் நம்முடையதாகிவிட்டது. நம் கிணற்றுத் தண்ணீரில் விளைந்த காயை நம் வெயிலில் வாட்டிச் சுடும்போது, பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மாவும் நம் சமையலறைக்குச் சொந்தமாகிவிடுகிறது. பறவை பார்க்கக் குளிர்காலத்தில் வருகிறவர்கள் ஒருமுறை வைகாசியிலும் இந்தப் பக்கம் வாருங்கள். நுங்கும் தர்ப்பூசணியும் வாங்கியதோடு திரும்பாமல், சாலையோரம் கூடையில் வைத்து விற்கும் அம்மாவிடம் காலையில் பறித்த கத்தரிக்காய் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போங்கள். ஏரி வற்றியிருக்கும் மாதங்களில் அந்தக் கூடைதான் இந்த ஊரின் வருமானம்.